பத்தாயிரமாவது எஞ்சின் மீது விசாரணை

இயந்திர வழங்கல் வாரியத்தின் கணக்குப்படி எஞ்சின் சாவதில்லை. ஆள் சாவான். ஆனால் ஆளை வாரியம் தயாரிக்கவில்லையே, அவனைப் பெற்றவள் அல்லவா தயாரித்தாள். அதனால் அந்தக் கணக்கு வேறு கட்டடத்தில் இருந்தது. முதல் உலகப் போர் நடந்த சமயம், ஆகாயப் படைக்கு மாதாமாதம் இத்தனை புது எஞ்சின் தருவோம் என்று வாரியம் மேலே வாக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்த வாக்குக்கு ஈடாகத் தொழிற்சாலையால் செய்து தள்ள முடியவில்லை. அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலிக்கு அந்த யோசனை வந்தது. பிரான்ஸில் விழுந்து நொறுங்கிய விமானங்களின் எஞ்சின்களைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, கப்பலேற்றி, லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். கழுவி, நிமிர்த்தி, உடைந்ததை மாற்றி, பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புது எண் குத்தினார்கள். பழைய கள், புதிய மொந்தை. சேற்றில் எஞ்சினைத் தோண்டியவர்கள் பக்கத்தில் கிடந்த ஆளைத் தோண்டவில்லை. அவர்களைக் குறை சொல்லக்கூடாது. ஆளைத் தோண்ட வேறு துறை இருந்தது.

ஹில்டா பர்கிஸுக்கு அந்தத் தொழிற்சாலையின் சோதனைக் கொட்டகையில் வேலை. எஞ்சின்களை நாலு மேடைகளில் பூட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் விளக்கெண்ணெய் ஊற்றி, எஞ்சினின் முன்னால் பூட்டிய விமான விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். ஆமாம், விளக்கெண்ணெய்தான். நம் வீடுகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற அதே எண்ணெய். அந்தக் காலத்து விமான எஞ்சினுக்கு வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது. ஒன்பது சிலிண்டரும் விசிறியோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றும். குடித்த எண்ணெயையெல்லாம் சுற்றுகிற வேகத்தில் வெளியே துப்பிவிடும். விமானியின் முகத்தில் படும், வாய்க்குள்ளும் போகும். இங்கிலாந்தின் வீரர்கள் ஆகாயத்தில் எதிரியோடு மட்டும் போராடவில்லை, வயிற்றோடும் போராடினார்கள் என்பதைப் பத்திரிகைகள் எழுதவில்லை.

அந்த எஞ்சினுக்கு இன்னொரு குணம் உண்டு. மெதுவாக ஓடத் தெரியாது. ஒன்று முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம். இறங்குகிற விமானி கைப்பிடியில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விடுவான். அழுத்தினால் எஞ்சினுக்கு மூச்சு நிற்கும், விட்டால் திரும்ப வரும். விமான மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் அந்த விட்டுவிட்டு வரும் சத்தத்தைக் கேட்டதும் கையில் இருக்கிற வேலையை நிறுத்தி, யாரோ ஒருவன் வீடு திரும்பிவிட்டான் என்று மூச்சு விடுவார்கள்.

ஹில்டாவின் புருஷன் வில்ஃப் இதே கொட்டகையில் சோதனைக்காரனாக இருந்தவன். எஞ்சினுக்குப் பின்னால் இருந்த தடுப்புப் பலகைக்கு அப்பால் சுவிட்சில் கை வைத்து அவன் உட்கார்ந்திருப்பான், விசிறிப் பக்கம் அவள் நிற்பாள். தொடுவதற்கு முன் அவள் "சுவிட்ச் ஆஃப்!" என்று கத்த வேண்டும், அவன் "சுவிட்ச் ஆஃப்!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சுற்றிவிடும்போது "கான்டாக்ட்!", அதாவது சுவிட்சைப் போடு. அதற்கும் அவன் "கான்டாக்ட்!" பதில் குரல் வராமல் விசிறியைத் தொட்டவர்களுக்கு அதற்குப் பிறகு தொடுவதற்குக் கை இருந்ததில்லை. இப்படி ஒருவர் சொன்னதை ஒருவர் திருப்பிச் சொல்லியே அவர்களுக்குள் காதல் வந்துவிட்டது. மாதா கோயிலில் பாதிரியார் கேட்டதையும் வில்ஃப் அதே குரலில் கத்தித் திருப்பிச் சொன்னான் என்று கொட்டகையில் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் அவன் சுவிட்சைத் தட்டி எஞ்சினைக் குறட்டை விடவைப்பான்: இரண்டு சின்னது, ஒரு பெரியது. டீ குடிக்க வா என்று அர்த்தம். கொட்டகை மேற்பார்வையாளர் டோசர் அதற்காக அவனைத் திட்டாத நாள் கிடையாது.

"அரசாங்க எஞ்சினை வச்சுப் பொண்டாட்டியக் கூப்பிடுறியே, வெக்கமா இல்ல?"

"வாயால கூப்பிட்டா கேக்காது மிஸ்டர் டோசர். நீங்க போடுற சத்தம் அப்படி."

அவன் படைக்குப் போனான், சார்ஜன்ட் விமானி ஆனான். வசந்தத்தில் ஒரு காலை மேலே போனவன் இறங்கவில்லை. "காணவில்லை" என்று முதல் கடிதம் வந்தது. ஹில்டா அழுதாள். ஆனால் அழுகையில் ஒரு மூலை நனையாமல் இருந்தது. காணாமல் போனது கிடைப்பதும் உண்டுதானே.

இரண்டாவதாக வந்தது கடிதமில்லை, ஆட்கள். இராணுவப் போலீஸின் சிவப்புத் தொப்பிக்காரர்கள் இருவர். மூத்தவன் கார்ப்பரல் ஸ்பிங்க், சளி பிடித்த மூக்கோடு, வாசலிலேயே காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"மன்னிக்கணும்மா. உங்க வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில இருக்காரான்னு பாக்கணும்."

"அவர் பிரான்ஸ்ல காணாமப் போயிட்டாருங்க."

"அங்கதான் சிக்கல். அவர் ஓட்டிட்டுப் போனது 2207-ங்குற எஞ்சின் வச்ச விமானம். வாரியத்துல கேட்டோம். 2207-னு ஒரு எஞ்சின் இல்லவே இல்லங்குறாங்க. எஞ்சின் இல்லாத விமானம் பறக்குமா?"

"பறக்காது."

"பறக்காதுல்ல? அப்போ அவர் மேல போகல. மேல போகாதவர் முகாம்லயும் இல்ல. அப்போ ஓடிப்போயிட்டார்." கார்ப்பரல் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "உங்க பேர்ல எந்தக் கோபமும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவோம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். வாரியம் ஓர் எண்ணை மறைத்தது, அதற்குப் பின்னால் ஒரு மனிதனே மறைந்துபோனான். ஹில்டா குடியிருந்த ஏப்ரன் தெருவின் முனையில் ஒரு மரப்பலகை உண்டு. போருக்குப் போன தெருக்காரர்களின் பெயர்களை வெள்ளைப் பெயிண்டில் எழுதி, கீழே தகர டப்பாக்களில் பூ வைத்திருப்பார்கள். இறந்தவன் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை. சிவப்புத் தொப்பி வந்துபோன மறுநாள் வில்ஃபின் பெயர் மேல் கறுப்புப் பெயிண்ட் ஏறியிருந்தது. யார் செய்தது என்று கேட்க வேண்டியதில்லை, தெருவே செய்தது. ரொட்டிக் கடைக்காரி சில்லறையை ஹில்டாவின் கையில் வைக்காமல் மேஜை மேல் வைத்தாள். ஹில்டா தினமும் வேலைக்குப் போகும்போது அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனாள். அந்தப் பெயர் அங்கே திரும்ப வரவேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலையில்தான் கோடையின் தொடக்கத்தில் மூன்றாம் மேடையில் ஓர் எஞ்சினைப் பூட்டினார்கள். பளபளவென்று இருந்தது. எண் தகடு இன்னும் அடிக்கவில்லை. ஹில்டா எண்ணெய் ஊற்றினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள், பலகைக்குப் பின்னாலிருந்து டோசர் பதில் சொன்னார், விசிறியைச் சுற்றிவிட்டு ஒதுங்கினாள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஓட்டம் முடிகிற நேரத்தில், டோசரின் இரண்டு கையும் புகையிலைக் குழாயில் இருந்தபோது, எஞ்சின் நின்றது. வந்தது. நின்றது. வந்தது. பிறகு நீளமாக நின்று, வந்தது.

இரண்டு சின்னது, ஒரு பெரியது.

கொட்டகையில் யாரும் அசையவில்லை. மற்ற மூன்று மேடைகளும் இரைந்துகொண்டிருந்தன. ஆனாலும் இந்தச் சத்தம் மட்டும் தனியாக, காதுக்குப் பக்கத்தில் கேட்டது. டோசர் சுவிட்சைப் பிடித்து இழுத்தார். அணைந்துதான் இருந்தது. எஞ்சின் தொடர்ந்து சுற்றியது: இரண்டு சின்னது, ஒரு பெரியது, ஆகாயத்தில் எங்கோ ஒரு கட்டைவிரல் விடாமல் பொத்தானை அழுத்துவதுபோல, இறங்க இடம் தேடித் தேடிச் சுற்றுவதுபோல. பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. ஹில்டாவின் முகமெல்லாம் எண்ணெய்த் தூறல். அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்து மேலும் பயமாக இருந்தது.

நாலாம் மேடையில் வேலை செய்த கிழவி மிஸஸ் கட்ஜன் வந்து அவள் தோளைப் பிடித்தாள். அவள் மகனும் ஆகாயத்தில்தான் போனான்.

"ஹில்டா, கண்ணு, அது அவன்தான்."

"தெரியும்."

"எறங்க முடியாமத் தவிக்கிறான்டி."

ஹில்டா கையைக்கூடக் கழுவாமல் வாரியத்தின் ஆய்வு அதிகாரி மேஜர் க்ரெஸ்விக்கின் அறைக்குப் போனாள். மேஜர் நல்ல மனிதர். போருக்கு முன் பிஸ்கட் கம்பெனியில் மேலாளராக இருந்தார். ஒரே மாதிரி பிஸ்கட் செய்யத் தெரிந்தவருக்கு ஒரே மாதிரி எஞ்சின் செய்யவும் தெரியும் என்று அவரைப் போட்டிருந்தார்கள். அவர் கேட்டார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மிஸஸ் பர்கிஸ், உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா அது புது எஞ்சின். புது எஞ்சினுக்குக் கடந்த காலம் கிடையாது. அதுல யாரும் பறக்கல, யாரும் விழல, யாரும் சாகல. அதுதானே புதுசுங்குறதுக்கு அர்த்தம்?"

"பழைய எண்ணை அரம் போட்டுத் தேய்ச்சதை நானே பாத்தேன் ஐயா."

"எண் இருந்தாத்தானே தேய்க்க முடியும்? இப்போ அங்க எண் இருக்கா?"

"இல்லைங்க. தேய்ச்சாச்சு."

"பாத்தீங்களா!" என்றார் மேஜர், அவளுக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டு. "ஒண்ணை மட்டும் பழசுன்னு ஒத்துக்கிட்டா, எல்லாத்தையும் பழசான்னு கேப்பாங்க. அப்புறம் நாம போன வருஷம் முழுக்கச் செஞ்சது எத்தனைன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி எதிரிக்குத்தான் உதவும். உங்க வீட்டுக்காரர் நாட்டுக்காகப் போனவர். அவர் இருந்தா, 'என் எண்ணைத் தேயுங்க'ன்னுதான் சொல்லியிருப்பார்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். இங்கே சாமியே எஞ்சினுக்குள் வந்து உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் நிற்கவில்லை என்பதால் ஒரு நிபுணர் குழு வந்தது. முதல் நிபுணர் குற்றம் விளக்கெண்ணெயில் என்றார். ஸ்பூனில் ஊற்றி நக்கிப் பார்த்தார், மதியத்துக்கு மேல் அவரைக் காணவில்லை. இரண்டாமவர் குற்றம் காற்றின் ஈரத்தில் என்றார். மூன்றாமவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் பெண்கள் நிற்பதுதான் காரணம் என்றார். ஹில்டாவை முப்பது அடி தள்ளி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது. குழு கலந்து பேசி, ஒரு குறையை நீக்க முடியாவிட்டால் அதைச் சிறப்பம்சமாக ஏற்பதே உற்பத்திக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடியது.

இந்த நேரம் பார்த்து வாரியத்துக்குத் திருவிழா வந்துவிட்டது. பத்தாயிரமாவது எஞ்சின்! வாரியத் தலைவர் லார்டு ஹேவர்பி நேரில் வருகிறார். நாலு மேடையில் மூன்றாவதுதான் நடுவில், ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் இருந்தது. ஆகவே அதில் இருந்த எஞ்சினுக்கே பத்தாயிரம் என்று தகடு அடித்தார்கள். காகிதக் கொடி கட்டினார்கள். விருந்தாளிகளுக்குச் சர்க்கரை போட்ட கேக். மாதக்கணக்கில் சர்க்கரையைக் கண்ணால் பார்க்காத பெண்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. கட்டிலுக்கு அடியில் பார்க்கிற வேலை அன்றைக்கு இல்லாமல் போகும் என்று கார்ப்பரல் ஸ்பிங்கையும் அவன் கூட்டாளியையும் பாதுகாப்புக்குப் போட்டிருந்தார்கள்.

லார்டு ஹேவர்பி தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த தொழிலாளப் பெருமக்களே! எதிரியிடம் வீரம் இருக்கலாம். நம்மிடம் உற்பத்தி இருக்கிறது! ஒரு விமானியை உருவாக்க இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஒரு எஞ்சினை உருவாக்க எத்தனை நாள்? மேஜர் க்ரெஸ்விக் அவர்களின் முறையில், சில சமயம், கழுவுகிற நேரம்தான்!" கைதட்டல். மேஜர் முகம் வெளுத்தது. "இந்தப் பத்தாயிரமும் ஒன்றுபோல் ஒன்று. எதை எடுத்து எதில் வைத்தாலும் பொருந்தும். விமானிகளும் அப்படியே இருந்துவிட்டால் நம் கவலை தீர்ந்தது. வருந்தத்தக்க வகையில் அவர்களுக்கு உதிரி பாகம் கிடையாது. ஆனாலும், சகோதரிகளே, நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இந்தப் போரில் நாம் ஒரு எஞ்சினைக்கூட இழக்கவில்லை!"

மிஸஸ் கட்ஜன் கையில் இருந்த காகிதக் கொடியை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எஞ்சினை ஓட்டினார்கள். கொடிகள் படபடத்தன, பிரபுவின் தொப்பி பறந்தது. ஓட்டம் முடிகிற நேரம் அது தொடங்கியது. இரண்டு சின்னது, ஒரு பெரியது.

"இது என்ன சத்தம்?"

"வணக்கம் சொல்லுதுங்க, பிரபு," என்றார் மேஜர். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"பிரமாதம்! எல்லா எஞ்சினும் இப்படிச் சொல்லணும். உடனே ஏற்பாடு பண்ணுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஹில்டாவுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அங்கே ஒருவன் எத்தனை வாரமாக இறங்கத் தெரியாமல் சுற்றுகிறான், இவர்கள் வணக்கம் என்று சிரிக்கிறார்கள். அவனைக் கீழே வா என்று சொல்ல இத்தனை பேரில் ஒருவருமா இல்லை? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சொல்ல வேண்டியவள் அவள்தான். தினமும் சுற்றிவிட்டாளே தவிர, ஒருநாளும் அவனிடம் நிறுத்தச் சொல்லவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று ஆசைப்பட்டுவிட்டாள்.

அவள் கயிற்றைத் தாண்டி எஞ்சினுக்கு நேர் எதிரில் போய் நின்றாள். காற்று அவள் தொப்பியைப் பறித்துக்கொண்டது.

"வில்ஃப்! டீ போட்டாச்சு! போதும், எறங்கு!" என்று கத்தினாள். பிறகு, முறைப்படி, "சுவிட்ச் ஆஃப்!"

எஞ்சின் நின்றது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. அந்த மௌனத்தில், விசிறிக்குப் பின்னால், பலகையும் இல்லாத இருக்கையும் இல்லாத வெறும் இடத்திலிருந்து, மிகவும் களைத்துப்போன ஓர் ஆண்குரல் சொன்னது:

"சுவிட்ச் ஆஃப்."

பிரபு கேட்டார், மேஜர் கேட்டார், கேக் வெட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக் கதவை யாரோ உள்ளே வந்து சாத்தியதுபோல் இருந்தது அவளுக்கு.

"யாரது பேசுனது?" என்றார் பிரபு.

"என் வீட்டுக்காரர்," என்றாள் ஹில்டா. "சார்ஜன்ட் பர்கிஸ்."

கார்ப்பரல் ஸ்பிங்க் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தான். இத்தனை ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் குனிந்தவன். எஞ்சினின் மேல் கை வைத்தான், சூடு தாங்காமல் எடுத்தான், கைக்குட்டையைச் சுற்றி மறுபடி வைத்தான்.

"சார்ஜன்ட் பர்கிஸ், அனுமதி இல்லாம ஓடிப்போன குத்தத்துக்காக உங்களக் கைது பண்றேன்."

இப்படித்தான் பத்தாயிரமாவது எஞ்சின் கைதானது. ஒன்பது சிலிண்டரில் எது கை என்று தெரியாததால் மேலே இருந்த இரண்டுக்கு விலங்கு பூட்டினார்கள். கைதியை நகர்த்த முடியாது என்று படை நீதிமன்றமே கொட்டகைக்கு வந்தது. நடுவில் ஒரு கர்னல். இருபுறமும் இருவர், அவர்களுக்குப் பேச அதிகாரம் இல்லை. அரசுத் தரப்பு மேஜர் க்ரெஸ்விக். எதிர்த்தரப்புக்கு எஞ்சின் தெரிந்த அதிகாரி கிடைக்காததால் அதுவும் மேஜர் க்ரெஸ்விக். அவர் ஒவ்வொரு முறையும் நாற்காலி மாறி உட்கார்ந்து தனக்கே மறுப்புச் சொன்னார்.

"கைதி குற்றத்தை ஒத்துக்கிறாரா?" என்றார் கர்னல்.

எஞ்சின் பேசவில்லை. கீழ்ச் சிலிண்டரிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது.

"அழுறாரா?"

"வழக்கமான கசிவுதான், ஐயா," என்றார் டோசர்.

சங்கடம் மேஜருக்குத்தான். இந்த எஞ்சின் பழைய 2207 என்றால் வில்ஃப் அதில்தான் பறந்தான், ஓடிப்போகவில்லை. ஆனால் வாரியத்தின் மானம் போகும். பழையது இல்லை என்றால் அந்தக் குரல் எப்படி வந்தது? பத்தாயிரம் எஞ்சினையும் காப்பாற்ற வேண்டும், ஒரு பேயையும் காப்பாற்ற வேண்டும். நாற்காலி மாறி மாறிக் கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கனம் கர்னல் அவர்களே, எஞ்சின் புதுசுதான். ஆனா ஆள் பழசு. சார்ஜன்ட் பர்கிஸ் எங்கிருந்தோ தானாவே வந்து, ஒரு புது எஞ்சினைத் தேடிப் பிடிச்சு, அதுல உக்காந்திருக்கார். அரசாங்க எஞ்சினோட இருக்கிற விமானி பணியில இருக்கார்னுதானே சட்டம்? பணியில இருக்கிறவர் எப்படி ஓடிப்போனவர் ஆவார்?"

கர்னல் நெடுநேரம் யோசித்தார். இருபுறமும் இருந்தவர்களும் யோசிப்பதாகக் காட்டிக்கொண்டார்கள்.

"குற்றவாளி இல்லை. பெயர் களங்கமில்லாமல் திரும்பத் தரப்படுகிறது."

பெண்கள் மேஜைகளைத் தட்டினார்கள். கார்ப்பரல் ஸ்பிங்க் விலங்கைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் சந்தோஷம்தாம்மா. உங்க கட்டிலுக்கு அடியில குளுரு அதிகம்," என்றான். அன்று சாயங்காலமே தெருக்காரர்கள் கறுப்பைச் சுரண்டிவிட்டு வில்ஃபின் பெயரை வெள்ளையில் எழுதினார்கள். ரொட்டிக் கடைக்காரி ஒரு டப்பா டெய்சிப் பூவோடு வந்து, எதுவுமே நடக்காததுபோல் ஹில்டாவைக் கட்டிக்கொண்டாள். ஹில்டா ஈரம் காயாத அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வந்துவிட்டான், இனி நிம்மதி என்று நினைத்தாள்.

பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போடலாமா என்று கேட்டுவரத்தான் மறுநாள் காலை மேஜரிடம் போனாள்.

"சிலுவையா? எதுக்கு?" மேஜர் திகைத்தார். "மிஸஸ் பர்கிஸ், தீர்ப்பைச் சரியாக் கேக்கலையா? அவர் பணியில இருக்கார். செத்தவரை எப்படிப் பணிக்குத் திருப்பி அனுப்ப முடியும்?"

"எங்க அனுப்புறீங்க?"

"பிரான்ஸுக்குத்தான். மத்தியானம் லாரி வருது. புது எஞ்சின், கூடவே அனுபவமுள்ள விமானி; இதுவரை எந்தப் படைக்கும் ரெண்டும் சேந்து கெடச்சதில்ல. அவர் இருக்கிற எஞ்சினுக்கு வேற விமானிக்கு ஒழுங்காப் பயிற்சிகூடத் தேவைப்படாதுன்னு பிரபு அபிப்பிராயப்படுறார்." மேஜர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கேட்டதுதானே? மானத்தைத் திருப்பிக் கேட்டீங்க, குடுத்துட்டோம். மானமுள்ளவன் போர்முனையிலதானே இருக்கணும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஹில்டா கொட்டகைக்குத் திரும்பினாள்.

பெட்டியில் போடுவதற்கு முன் கடைசி ஓட்டம் ஒன்று பார்க்க வேண்டும், அது விதி. டோசர் விசிறியைச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சுற்றினார்கள். மேஜரே கோட்டைக் கழற்றினார். "கான்டாக்ட்!" என்று அவர் கத்தியதற்குக் கொட்டகையின் கூரைதான் பதில் சொன்னது. எல்லாரும் ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்தைதான் மிஸஸ் பர்கிஸ்."

அவள் நிரம்பிய எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மேடைக்கு வந்தாள். அந்த வார்த்தையைச் சொன்னால் அவன் பதில் சொல்வான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சின் பிடிக்கும், ஓட்டம் முடிகையில் இரண்டு சின்னது, ஒரு பெரியது, இன்னும் ஒரே ஒரு தடவை அவளைக் கூப்பிடுவான். அதைக் கேட்க அவள் எதையும் கொடுத்திருப்பாள். பிறகு லாரி, கப்பல், பிரான்ஸ். மறுபடியும் மேலே. மறுபடியும் சேறு. யாரோ இன்னொருத்தியின் மகன் அவன் மடியில் உட்கார்ந்து விழுவான். பிறகு இரண்டு பேருமாகத் திரும்பி வருவார்கள், வேறு எண்ணில்.

கேனைக் கீழே வைத்தாள். கீழ்ச் சிலிண்டரில் திரண்டு நின்ற சொட்டை ஏப்ரன் நுனியால் துடைத்தாள், குழந்தைக்கு வாய் துடைப்பதுபோல்.

"தூங்கு," என்றாள் மெதுவாக. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி: "சுவிட்ச் ஆஃப்!"

"சுவிட்ச் ஆஃப்," என்றது அந்தக் குரல். இந்த முறை அதில் களைப்பு இல்லை.

"இது கீழ்ப்படியாமை!" என்றார் மேஜர். அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, மற்ற மூன்று மேடைகளும் ஓடிக்கொண்டிருந்தன. மிஸஸ் கட்ஜன் நாலாம் மேடைக்கு முன்னால் போய் நின்றாள். அந்த எஞ்சின் யாரையும் இதுவரை கூப்பிட்டதில்லை. மற்றவற்றைப்போல் அதற்கும் ஒரு புது எண் இருந்தது, அவ்வளவுதான். கிழவி இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"சுவிட்ச் ஆஃப்!"

"சுவிட்ச் ஆஃப்," என்றான் ஒரு பையன். பத்தொன்பது வயதுகூட இருக்காது அந்தக் குரலுக்கு. அது அவள் மகன் குரல் இல்லை. அவள் தலையை ஆட்டினாள், கண்ணீர் வழிந்தது, ஆனாலும் "சரி ராசா, நீ எறங்குனதே போதும்," என்றாள்.

இரண்டாம் மேடையை ஆல்மா என்ற பெண் நிறுத்தினாள். அங்கிருந்து ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் பதில் சொன்னான். முதல் மேடையை நிறுத்தியது யாரென்று தெரியவில்லை. அதிலிருந்து மூன்று பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு கொட்டகை அமைதியாக இருந்தது. அத்தனை வருடத்தில் வாண்டில் ஆறு ஓடுகிற சத்தம் உள்ளே கேட்டது அன்றுதான். பெட்டிகள் அடுக்கிய பண்டசாலைப் பக்கமிருந்து, பூட்டவே படாத எஞ்சின்களுக்குள்ளிருந்து, மெல்லிய முணுமுணுப்பாக அந்த இரண்டு சொற்கள் வந்துகொண்டே இருந்தன. மேஜர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டிக்கொள்ள மறந்து நின்றார்.

ஹில்டா வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனைப் பலகையிடம் நின்றாள். பெயிண்ட் இன்னும் முழுக்கக் காயவில்லை. கொண்டை ஊசியை எடுத்து, வில்ஃபின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை கீறினாள். யாரிடமும் கேட்கவில்லை.

வாரியத்தின் அந்த வார அறிக்கையில், விளக்கெண்ணெய்த் தட்டுப்பாட்டால் வாண்டில் கொட்டகை தற்காலிகமாக ஓடவில்லை என்று இருந்தது. ஹில்டாவின் கேன் மூன்றாம் மேடைக்குக் கீழே, அவள் வைத்த இடத்திலேயே, விளிம்புவரை நிரம்பி இருந்தது.